ஓசையின்றி ஓடும் வண்டி

புனே நகரத்தின் கட்கிப் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்று உள்ளது. அதன் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தினரின் சொந்த ஊர் தென்காசி. அக்குடும்பத்தின் பிள்ளைகள் இருவர். இளமாறன் பத்தாம் வகுப்பிலும் மலர்விழி ஏழாம் வகுப்பிலும் பயில்கின்றனர். எட்டு ஆண்டுகள் பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய அவர்களின் தாய், மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்க முடிவு செய்தார். "ஆடி கழியட்டும்" என்று ஆச்சி சொன்னதால், ஆவணி மாதத்தில் வண்டி வீட்டிற்கு வந்தது.

வாங்கிய மூன்றாம் நாள் மாலை. சந்தையிலிருந்து திரும்பிய தாய், குடியிருப்பின் வாயிலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். சைடு ஸ்டாண்டை இறக்காமல், இடக்கையால் வண்டியைப் பிடித்தவாறே ஒரு பையை எடுத்தார். மற்றொரு பை கொக்கியில் தொங்கியது. "நான் எடுக்கிறேன், அம்மா" என்று ஓடிவந்த இளமாறன், வண்டி சாயாதிருக்க வலப்புறக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பையைத் தூக்கினான். பற்றிய கை சற்றே திரும்பியது. அவ்வளவுதான்! சிறு உறுமல்கூட இல்லாமல் வண்டி முன்னே பாய்ந்தது. அவனையும் இழுத்துச் சென்று சுவரில் மோதி நின்றது. சற்று முன்புவரை அந்தச் சுவரோரத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமி பந்து உருட்டிக்கொண்டிருந்தாள். இளமாறனின் முழங்கால் சிராய்த்தது. முன்சக்கர மட்கார்டு உடைந்தது.

"வண்டி உறங்குகிறது என்று நினைத்துவிட்டாய். அது விழித்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!" என்றார் ஆச்சி.

ஆச்சி கூறியதில் அறிவியல் உண்மை இருக்கிறது. பெட்ரோல் வண்டியை நிறுத்தினாலும் அதன் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓசையும் அதிர்வும் 'நான் இயங்குகிறேன்' என்று ஓட்டுபவருக்கு நினைவூட்டியவண்ணம் இருக்கும். மின் மோட்டாரோ வண்டி நிற்கும்போது சுழல்வதில்லை. சாவி திறந்திருப்பதற்கு அடையாளம் திரையில் தெரியும் சிறு வெளிச்சம் மட்டுமே. இரண்டாவது வேறுபாடு விசையைப் பற்றியது. பெட்ரோல் என்ஜின் வேகம் கூடக்கூடத்தான் தன் முழு வலிமையைக் காட்டும். மின் மோட்டார் அசைவற்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையைத் தரவல்லது. ஆகவே ஆக்சிலேட்டரைச் சிறிது திருகினாலும் வண்டி உடனே தாவும். எட்டு ஆண்டுப் பழக்கம் உடையவரும் இந்த இரண்டில் மட்டும் புதியவரே.

ஆதலால் மின் வண்டியில் பழக வேண்டிய முதற்செயல், ஓட்டுவது அன்று, நிறுத்துவது! நின்றவுடன் சாவியை அணைத்தல் வேண்டும். பிறகு சைடு ஸ்டாண்டை இறக்குதல் வேண்டும். அதன் பின்னரே இறங்குதல் வேண்டும். சைடு ஸ்டாண்டை இறக்கினால் மோட்டார் தானே செயலிழக்கும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. அதை நம்பிச் சாவியைத் திறந்தே வைப்பது தவறு. வண்டியைத் தள்ளும்போதும், இருக்கைக்கு அடியில் பொருள் வைக்கும்போதும், குழந்தையை ஏற்றும்போதும் வலக்கை ஆக்சிலேட்டரின்மேல் இருத்தலாகாது. ஓட்டத் தொடங்கும் முதல் சில நாள்களில் சிக்கன நிலையிலேயே வண்டியைச் செலுத்துவது நன்று. அந்நிலையில் மோட்டாரின் பாய்ச்சல் கட்டுப்படுத்தப்படுகிறது.

ஓசையின்மை ஓட்டுபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. தெருவில் நடப்பவரையும் ஏமாற்றுகிறது. மனிதர் சாலையைக் கடக்கும்போது கண்ணோடு காதையும் நம்புகின்றனர். பின்னால் வண்டி ஓசை கேட்காவிட்டால், திரும்பிப் பாராமலே ஓர் அடி எடுத்து வைத்துவிடுகின்றனர். முதியோர், கைப்பேசியில் பேசிச் செல்வோர், பார்வையற்றோர், தெரு நாய்கள் ஆகிய யாவர்க்கும் இது பொருந்தும். புனேயின் சந்தைத் தெருக்களில் தள்ளுவண்டிக்காரர்கள் "பாஜூலா, பாஜூலா" என்று மராத்தியில் குரல் கொடுத்து வழி கேட்பார்கள். மின் வண்டி ஓட்டுபவரும் அவ்வாறே தம் வரவை முன்கூட்டி அறிவித்தல் வேண்டும். சிறிதாக ஒருமுறை ஹார்ன் அடித்தால் போதும். காதருகே வந்தபின் ஓங்கி அடித்தால் நடப்பவர் திடுக்கிட்டுத் தவறான பக்கம் பாய்வார். நெரிசலான இடத்தில் நடப்பவரின் வேகத்திற்கே வண்டியின் வேகத்தைக் குறைப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

பிரேக் பிடிப்பதிலும் சிறு மாற்றம் உண்டு. பல மின் வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. அப்போது வண்டி தானாக வேகம் குறையும். பின்னால் வருபவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். மேலும், மின்கலம் முழுமையாக நிறைந்திருக்கும்போது இந்தத் தடை குறைந்து காணப்படலாம். எனவே இதனையே நம்பாமல், முன் பின் பிரேக்குகள் இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்திப் பழகுதல் வேண்டும்.

ஆவணியில் புனேயில் மழை ஓய்வதில்லை. நனைந்த சாலையில், குறிப்பாக வெள்ளைக் கோடுகளின் மீதும் சாக்கடை மூடிகளின் மீதும், ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் பின்சக்கரம் வழுக்கும். சில மின்கலப் பெட்டிகளில் 'ஐ.பி. 67' என்று பொறித்திருக்கும். 6 என்பது தூசி புகாமையையும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியும் தீங்கு விளையாமையையும் குறிக்கும். அது சோதனைச் சாலையில் பெட்டிக்குச் செய்த சோதனை. வெள்ளத்தில் வண்டியை இறக்குவதற்கு வழங்கிய அனுமதி அன்று. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருப்பதை எந்த முத்திரையும் காட்டாது.

இனி மின்னேற்றம் பற்றிக் காண்போர் சற்று நின்று கவனித்தல் வேண்டும். கைப்பேசியில் உள்ள லித்தியம் அயனி மின்கலமே ஸ்கூட்டரிலும் உள்ளது. ஆனால் கைப்பேசிக் கலம் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். 3 யூனிட் கொள்ளும் ஸ்கூட்டர் கலமோ அதைப்போல 150 மடங்குக்கும் மேல் சேமிக்கும். இதன் உள்ளே இரு மின்முனைகளையும் மெல்லிய தடுப்பு ஒன்று பிரித்து நிற்கிறது. அடிபட்டோ, மிகுதியாகச் சூடேறியோ அத்தடுப்பு சிதைந்தால் ஓர் அறையில் தோன்றும் வெப்பம் அடுத்த அறையைச் சூடேற்றும். வெப்பமே வெப்பத்தை வளர்க்கும். எரியக்கூடிய வாயுவும் நச்சுப் புகையும் வெளிப்படும்.

2022 ஆம் ஆண்டில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. புனேயிலும் ஒன்று எரிந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட வண்டி தீப்பற்றியது. புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதன் பின்னர் 'ஏ.ஐ.எஸ். 156' என்னும் மின்கலப் பாதுகாப்புத் தரத்தை அரசு கடுமையாக்கியது. திருத்திய விதிகளின் முதற்கட்டம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வண்டிகளை இத்தகைய தரங்களுக்கேற்பச் சோதிக்கும் நிறுவனங்களுள் ஒன்றான இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம், புனேயின் வேதாள் குன்றின்மேல்தான் அமைந்துள்ளது.

தரம் உயர்ந்தாலும் வீட்டில் செய்யும் பிழைகளைத் தரச்சான்று தடுக்காது. மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து நீண்ட ஒயரைத் தொங்கவிட்டுக் கீழே நிற்கும் வண்டிக்கு மின்னேற்றுவதை நகரக் குடியிருப்புகளில் காணலாம். மெல்லிய ஒயர் சூடேறும், மழையில் நனையும். நிலத்தொடர்பு சரியாக உள்ள சுவர்ச் செருகுவாயில், வண்டியுடன் வந்த மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும். வெயிலில் ஓடி வந்த வண்டியை ஆறவிட்டே மின்னேற்றுதல் நலம். அனைவரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றலாகாது. மாடிப்படியின் அடியிலும் வீட்டு வாயிலிலும் ஒருபோதும் மின்னேற்றலாகாது. தீ மூண்டால் தப்பிச் செல்லும் வழியே அடைபட்டுவிடும். கீழே விழுந்து அடிபட்ட கலத்தையும், உப்பிய கலத்தையும் பணிமனையில் காட்டாமல் பயன்படுத்தலாகாது. புகை எழுந்தால் ஒரு குவளை நீரோடு அருகில் செல்லாமல், வெளியேறி, 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர், மின்கலத்தைப் பாதியளவு நிறைத்து, மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்திச் செல்லலாம். திரையில் காட்டும் தொலைவு ஒரு கணிப்பே. இருவர் அமர்ந்து காத்ரஜ் மலைப்பாதையில் ஏறினால் அது விரைந்து குறையும்.

அன்றிரவு இளமாறன் தந்தையிடம் ஒரு கேள்வி எழுப்பினான். "மின் வண்டிக்கு உரிமம் வேண்டாமாமே? என் நண்பன் டியூசனுக்கு ஓட்டி வருகிறான். நானும் ஓட்டலாமா, அப்பா?"

தந்தை வண்டியின் எண் பலகையைப் பார்த்துவரச் சொன்னார். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துகள் இருந்தன. "எண் பலகை உள்ள வண்டி மோட்டார் வாகனம். அதை ஓட்ட உரிமம் தேவை. 250 வாட்டுக்கும் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் உடைய சிறு வண்டிகளுக்குத்தான் விலக்கு" என்று அவர் விளக்கினார். பதினெட்டு வயது நிரம்பாதவர் சட்டத்தை மீறி ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு நீக்கப்படும். ஓட்டிய சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது.

இளமாறன் விரலால் எண்ணிப் பார்த்தான். பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குப் பத்து ஆண்டுகள்.

நான்கு வயதிற்கு மேற்பட்ட எவரும் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் தலைக்கவசமின்றிச் செல்லக்கூடாது என்பதும் சட்டம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தின் வாரை மோவாய்க்கு அடியில் பூட்டினால்தான் அது கவசம், பூட்டாவிட்டால் தொப்பி. விலக்குப் பெற்ற சிறு வண்டியில் செல்வோர்க்கும் தலை ஒன்றுதானே!

அடுத்த ஞாயிறு காலையில் தாய் வெறிச்சோடிய திடல் ஒன்றில் நிறுத்தவும் திரும்பவும் ஒரு மணி நேரம் பழகினார். மலர்விழி டயரின் காற்றழுத்தத்தைப் பார்த்தாள். வீடு திரும்பியதும் இளமாறன் பையை எடுக்க வந்தான். ஆனால் இரண்டடி தள்ளியே நின்றான். திரையின் வெளிச்சம் அணைந்தது. சாவி தாயின் கைப்பைக்குள் சென்றது. அதன் பின்னரே அவன் பையில் கைவைத்தான்.

சொல்லும் பொருளும்

முறுக்கு விசை – சுழலச் செய்யும் விசை
மின்கலம் – பேட்டரி
மின்னேற்றி – சார்ஜர்
மின்னாக்கி – மின்சாரத்தை உண்டாக்கும் கருவி
நிலத்தொடர்பு – எர்த் இணைப்பு
தண்டம் – அபராதம்
மோவாய் – முகவாய்

பயிற்சி

1. "அது விழித்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!" இக்கூற்றை யார், எப்போது கூறினார்? அதன் பொருள் யாது?
2. மாடிப்படியின் அடியில் மின்னேற்றலாகாது, ஏன்?
3. உன் குடியிருப்பில் வண்டிகளுக்கு மின்னேற்றும் இடத்தைப் பார்த்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. மலர்விழி தென்காசியில் உள்ள தன் தாத்தாவுக்குப் புதிய வண்டியைப் பற்றி எழுதுவதுபோல் ஒரு கடிதம் வரைக.