கேஸ் கலனுக்கும் வயிறு உண்டு: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது



கூட்டமைப்பின் மூலம் கடன் வாங்கி, வீட்டுப் புழக்கடையில் சமையல் கழிவு கேஸ் கலன் வைத்த உறுப்பினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கிணத்துக்கடவுப் பக்கம். எட்டு மாதம் அடுப்பு நன்றாக நீலமாக எரிந்திருக்கிறது. பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். விருந்தில் மிஞ்சிய சாம்பார் சோறு, ரசம், ஊறுகாய், வடைச்சட்டி எண்ணெய், எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்து நாலு பக்கெட். வீணாகப் போகிறதே என்று ஒரே நாளில் கலனில் ஊற்றிவிட்டார். மூன்றாம் நாள் புளித்த வாடை. நான்காம் நாள் அடுப்பு பற்றவில்லை. ஆனால் மாதத் தவணை நிற்கவில்லையே!

“ஏனுங்க அம்மிணி, சோறுதானுங்களே போட்டேன், வெசமா போட்டேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கலனுக்குள் காற்றுப் புகாத இடத்தில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. முதல் வகை சோற்றையும் காய்கறியையும் உடைத்துப் புளிக்க வைக்கும். இரண்டாம் வகை அந்தப் புளிப்பைத் தின்று மீத்தேன் வாயுவாக்கும். அடுப்பில் எரிவது அதுதான். முதல் கூட்டம் வேகமானது, இரண்டாவது நிதானமானது. ஒரே நாளில் நாலு பக்கெட் போட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், அதைத் தின்ன ஆள் போதாது. ஒரு கட்டத்தில் புளிப்பே அவற்றை முடக்கிவிடும். அதனால் சோறு விஷமில்லை, அளவுதான் தப்பு. கலன் வாங்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டு, வாசல் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். விசேஷ நாளிலும் அதே அளவுதான். மிச்சத்தை மண்ணைப் போட்டு மூடி எருக்குழியில் சேர்க்கலாம்.

அளவு சரியாக இருந்தாலும் போடக்கூடாதவை சில உண்டு. எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரைக் கொல்லும். ஊறுகாயில் உப்பும் புளிப்பும் அதிகம். வடைச்சட்டி எண்ணெய் மேலே ஏடாகப் படிந்து வாயு வருவதைத் தடுக்கும். சோப்புத் தண்ணி, பினாயில், பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணியைக் கலனுக்குத் திருப்பியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நம்ம பக்கத்தில் தேங்காய் அதிகம். மட்டை, நார், சிரட்டை, கடலைத்தொப்பி, சோளக்கட்டை இவை செரிக்காது. எலும்பும் முட்டை ஓடும் அடியில் தங்கி இடத்தை அடைக்கும். கறிவேப்பிலைக் கட்டின் ரப்பர் பேண்டு, பால் பாக்கெட் முனை, பூ கட்டிய நூல் போன்றவை குழாயை அடைக்கும். காய்கறித் தோலை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் செரிக்கும். ஆனால் மாடு இருக்கிற வீட்டில் கழுநீரும் தோலும் முதலில் மாட்டுக்குத்தானே!

ஒன்று பலருக்குத் தெரியாது. மடிநோய்க்கு மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால், அந்தச் சாணத்தைச் சில நாள் கலனில் கரைக்க வேண்டாம். மாட்டு நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து, கலனில் உள்ளதையும் கொல்லும்.

அந்த உறுப்பினரை ஒரு வாரம் எதையும் போடாமல் நிறுத்தச் சொன்னோம். பிறகு தினமும் புதுச் சாணத்தில் சரிபாதித் தண்ணி சேர்த்துக் கரைத்து ஊற்றினார். மூன்றாவது வாரம் அடுப்பு பற்றியது. “அதுக்கும் வகுறு ஒண்ணுதானுங்க” என்று சிரித்தார். கேஸ் வரவில்லையென்று மூடியைத் திறந்து தீக்குச்சி உரசிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அழுகின முட்டை வாடை வந்தால் கசிவு இருக்கிறது. அருகே அடுப்போ பீடியோ வேண்டாம்.

கணக்கும் பார்த்துவிடுவோம். சுமார் 25 கிலோ சாணத்தில் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். தினமும் அவ்வளவு தவறாமல் வந்தால், 33 நாளில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மிச்சம். தவணை கட்டப் போதுமா என்பது, நாம் கலனை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதே மீத்தேன் கவனிப்பாரில்லாமல் உருவானால் என்ன ஆகும்? வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கைப் பாருங்கள். கோவை மாநகரின் ஈரக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்து குவிந்த இடம். 2024 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குத்தான் கண்ணெரிச்சல்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். கலன் வைத்திருப்பவர் வீட்டில் பக்கெட்டை எட்டிப் பாருங்கள். புதிதாகக் கடன் கேட்பவர்கள், ஏற்கெனவே கலன் வைத்துள்ள உறுப்பினர் வீட்டில் ஒரு நாள் காலை கரைத்து ஊற்றிப் பழகிவிட்டு மனு கொடுங்கள்.