வரிசையில் நிற்காமல் ஃபேக்ஸ்

கேள்வி: எங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் ஜப்பான் வாடிக்கையாளர்கள் சிலருக்கு இன்னும் ஃபேக்ஸ்தான் அனுப்ப வேண்டும். இருப்பது ஒரே மெஷின். பத்துப் பேர் வரிசை. அவரவர் மேஜையிலிருந்தே அனுப்ப முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். அதற்குத்தான் ஃபேக்ஸ் சர்வர். பழைய கணினி ஒன்று, ஃபேக்ஸ் மோடம் ஒன்று, லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஹைலாஃபேக்ஸ் போதும். சாம் லெஃப்லர் எழுதிய மென்பொருள் அது, வயதானாலும் உழைக்கும். மெயில் சர்வரோடு இணைத்துவிட்டால், பெறுபவரின் ஃபேக்ஸ் எண்ணையே முகவரியாகப் போட்டு மெயில் அனுப்பலாம். சர்வர் அதை டிஃப் படமாக மாற்றி, தானே டயல் செய்யும். லைன் பிஸி என்றால் மறுபடி முயலும்.

ஒன்று கவனியுங்கள். மெயில் போய்விட்டது என்பதற்காக ஃபேக்ஸ் போய்விட்டதாக நினைக்காதீர்கள். ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததாகச் சர்வரிடமிருந்து பதில் மெயில் வந்த பிறகே ஃபைலை மூடுங்கள். சிறிய எழுத்து, முத்திரை எல்லாம் தெளிவாகத் தெரிய ‘ஃபைன்’ முறை நல்லது, நேரம் கூடும்.

வரும் ஃபேக்ஸ்தான் தலைவலி. தாளில் ‘கணக்குப் பிரிவுக்கு’ என்று எழுதியிருந்தாலும் சர்வருக்குப் புரியாது. பிரிவுக்கொரு நேரடி எண் வாங்குங்கள்; இல்லையேல் எல்லாம் வரவேற்பாளரின் மெயிலுக்கே போகட்டும், அவர் பிரித்து அனுப்புவார்.

உங்களுடையது இன்டர்நெட் வழித் தொலைபேசி என்றால், ஃபேக்ஸை இன்டர்நெட் வழி அனுப்புவதற்கான டி.38 வசதி உண்டா என்று முதலில் கேளுங்கள். அது இல்லையென்றால், பேச்சுக்குச் சுருக்கப்படும் ஒலியில் ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்துவிடும். கடைசியாக, அலுவலக மெயில் முகவரிகளிலிருந்து தவிர வேறு யாரும் ஃபேக்ஸ் அனுப்ப முடியாதபடி சர்வரைப் பூட்டிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் உங்கள் பில்லில்தான் ஏறும்.