வேட்டை மீனை அவசரப்பட்டுப் பிடிக்காதீர்!

குட்டை நிறைய மீன் இருந்தும் ஒன்றுகூட உள்ளங்கை அளவுக்கு வளரவில்லை என்ற குறை எங்கும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநில விவசாயிகளும் இதே தொல்லைக்கு ஆளானவர்களே. ஆபர்னிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்விங்கிள் என்ற விஞ்ஞானி 1930-களில் தொடங்கிய குட்டை ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது.

இரு மீன்கள்

அங்குள்ள குட்டைகளில் புளூகில் என்ற சிறு மீன் புழு பூச்சிகளைத் தின்று, கோடையில் பலமுறை குஞ்சு பொரிக்கும். அகன்ற வாயுள்ள 'லார்ஜ்மவுத் பாஸ்' அக்குஞ்சுகளைத் தின்று வளரும். உரமிட்ட குட்டையில் ஏக்கருக்கு 1,000 புளூகில் குஞ்சுகளை முதலில் விட்டு, அடுத்த கோடைத் தொடக்கத்தில் 100 பாஸ் குஞ்சுகளை விடுவர்.

எப்போது பிடிப்பது?

தூண்டிலை அறியாத பாஸ், இரையைக் கண்டதும் பாய்ந்து கவ்வும். ஆகவே புதுக் குட்டையில் சில நாள்களிலேயே பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். ஆபத்தும் இதுவே! பாஸ் குறைந்தால் புளூகில் பெருகி, தீனி போதாமல் குறுகிவிடும். பாஸின் முட்டைகளையும் தின்றுவிடும். ஆகவே பாஸ் ஒருமுறை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பின்னரே தூண்டில் போடவேண்டும்.

சோதிக்கும் முறை

கோடையில் கரையோரம் சிறுகண் வலையை இழுத்துப் பாருங்கள் என்பது ஸ்விங்கிளின் முறை.

1. இரு மீன்களின் குஞ்சுகளும் கிடைத்தால் குட்டை சமநிலையில் உள்ளது.

2. 3 முதல் 5 அங்குலப் புளூகில் ஏராளமாகவும், பாஸ் குஞ்சு இல்லாமலும் இருந்தால், பாஸ் பிடிப்பதை நிறுத்திப் புளூகிலை வலையிட்டுக் குறைக்க வேண்டும்.

3. புளூகில் குஞ்சு அரிதாகி, மெலிந்த சிறு பாஸ் மிகுந்தால், சிறு பாஸ்களைப் பிடித்தெடுக்க வேண்டும்.

நமக்குப் பாடம்

இதற்காகப் பாஸைத் தேடவேண்டியதில்லை. நம் குட்டையில் ஜிலேபி மீன் பெருகிக் குறுகினால், அதன் குஞ்சுகளைத் தின்ன நம் விராலே போதும். வளர்க்கும் மீன் விராலின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்த பிறகு விரால் குஞ்சுகளை விடலாம். ஆனால் கட்லா, ரோகு குஞ்சுகளை விடும் குட்டையில் விரால் எதிரி. முன்னதாகவே அகற்றிவிட வேண்டும்.

விராலுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மையே. எனினும், ஜிலேபியைக் கட்டுப்படுத்த விட்ட விராலை அது வேலையை முடிக்கும்முன் விற்றால், குட்டையில் மிஞ்சுவது பொடி மீனே.