கீழாநெல்லியும் அம்மாவின் மாத்திரைகளும்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவுக்குக் காசநோய் மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, கல்லீரல் கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் வீட்டிலும் உள்ள கேள்வி என்பதால் எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

உங்கள் பயம் வீண் பயமில்லை. முதல் இரண்டு மாதம் தரும் நான்கு மருந்துகளில் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. மூலிகைமேல் உள்ள நம்பிக்கையும் வெறுங்கதை இல்லை. மருந்தியல் படித்த நாளில் நானே பார்த்திருக்கிறேன். எலிகளுக்குச் சில நாள் மூலிகைச் சாறு கொடுத்து, பிறகு அளவு மீறிய பாரசிட்டமால் கொடுப்போம். மறுநாள் அறுத்தால், சாறு குடிக்காத எலியின் கல்லீரல் வெளிறிப் புள்ளி புள்ளியாகக் கிடக்கும். குடித்த எலிக்குப் பெரும்பாலும் பழைய கருஞ்சிவப்பு. நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு நுண்மடலின் நடுச்சிரையைச் சுற்றித்தான் செல்கள் செத்திருக்கும். ஓரத்துச் செல்கள் பிழைத்திருக்கும். பாரசிட்டமாலை நஞ்சாக்கும் நொதி நடுவில்தான் அதிகம். அந்த நஞ்சைப் பிடித்து அடக்குவது கல்லீரலிலேயே ஊறும் குளூட்டாதயோன். அது தீர்ந்தால் நஞ்சு செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். தாவர ஆன்டிஆக்ஸிடன்ட்கள் குளூட்டாதயோன் இருப்பு கரையாமல் காக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் மருந்துகளைக் கொடுத்து எலியின் சிறுநீரகத்தைப் பார்க்கும் ஆய்வுகளும் இதே வழியில்தான் நடக்கின்றன.

ஆனால், இந்த ஆய்வுகளில் சாறு முதலில், நஞ்சு பிறகு. நஞ்சு வரும் நாளும் அளவும் எங்கள் கையில் இருந்தன. அம்மாவுக்குப் பாதிப்பு வருமா, வந்தால் எந்த வாரம் என்று யாராலும் சொல்ல முடியாது. பாரசிட்டமாலை அதிகம் விழுங்கியவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் செடியின் சாறு அல்ல. குளூட்டாதயோனைத் திரும்ப ஊறவைக்கும் அசிட்டைல்சிஸ்டைன். அதையும் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

கீழாநெல்லியை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்ததும் உண்டு. மருந்தின் நஞ்சுக்காக அல்ல, ஹெபடைட்டிஸ் பி கிருமிக்காக. 1988-இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வில், கீழாநெல்லி உண்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. நம் வயல் வரப்புச் செடிக்கு வந்த பெருமை என்று மகிழ்ந்தோம். பிறகு வேறிடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எலியில் கண்டதை நான் மதிப்பதும், அதை அப்படியே அம்மாவின் டம்ளரில் ஊற்றத் தயங்குவதும் இந்த அனுபவத்தால்தான்.

செடிதானே, என்ன செய்துவிடும் என்று இருந்துவிடவும் முடியாது. மஞ்சள் சத்து மாத்திரை, கிரீன் டீ சத்து மாத்திரை, சீந்தில் ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மீளாதபடி கெடுக்கும். குழம்பில் போடும் மஞ்சளும் சாப்பாட்டு நெல்லிக்காயும் வேறு. அவற்றை நிறுத்த வேண்டாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இன்னொன்று. கண் மஞ்சளானால் நம் ஊரில் முதலில் கை நீளுவது கீழாநெல்லிக்கு. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளானால், மாத்திரையே காரணமாக இருக்கலாம். சாற்றைக் கொடுத்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்ந்தால், போகிற ஒவ்வொரு நாளும் கல்லீரலுக்கு நஷ்டம். சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றால், கண் மஞ்சளாகும்வரை காத்திராதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் பார்த்து, தேவையானால் நிறுத்தி, தேறியபின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்க அவர்களுக்கு வழி தெரியும். வெறும் பயத்தில் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

ஏற்கெனவே சாறு கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். எந்தச் செடி, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, சிகிச்சை அட்டையோடு வைத்து அடுத்த முறை நீட்டுங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி அளவு எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.