உண்ட கீரையில் உடலில் சேர்வது எவ்வளவு?

கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் பயிராகும் வெள்ளை மரவள்ளிக்கிழங்கில் கரோட்டின் அநேகமாக இல்லை. கிழங்கையே பெரிதும் உண்ணும் வீட்டுக் குழந்தைக்குக் கீரையும் பழமும் கிடைக்காவிட்டால் மாலைக்கண் வரக்கூடும்.

கீரையில் இருப்பது உயிர்ச்சத்து 'ஏ' அல்ல. பீட்டா கரோட்டின் என்னும் நிறச்சத்தே. குடல் அதை உறிஞ்சி உயிர்ச்சத்து 'ஏ' ஆக்குகிறது. முழுவதும் அவ்வாறு மாறுவதில்லை.

இதை எப்படி அளக்கிறார்கள்? முன்பு உணவிலும் மலத்திலும் உள்ள கரோட்டினை அளந்து, வித்தியாசத்தை உடலில் சேர்ந்ததாகக் கொண்டனர். குடலிலேயே சிதைந்ததும் அக்கணக்கில் சேர்ந்துவிடும். பின்னர் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், கன நீர் கலந்த நீரில் பயிரை வளர்த்தனர். அதிலுள்ள கன ஹைட்ரஜன், மாட்டுக்குச் சூடு போட்டதுபோல் கரோட்டினுக்கு அடையாளமாகிறது. உண்டவர் இரத்தத்தில் அந்த அடையாளம் உள்ள உயிர்ச்சத்தை மட்டும் அளந்தனர். 2005-இல் வந்த முடிவுப்படி, ஸ்பினாச் கீரையில் 21 பங்கு கரோட்டினுக்கு 1 பங்கு உயிர்ச்சத்து. காரட்டில் 15-க்கு 1.

இதைக் கேட்டுக் கீரையை ஒதுக்கிவிட வேண்டாம். செலவில்லாமல் கிடைப்பது அதுவே. சேரும் அளவைக் கூட்டவும் வழியுண்டு. குழந்தைகளுக்குக் கீரையுடன் 5 கிராம் கொழுப்புச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் உயிர்ச்சத்து 'ஏ' நன்கு உயர்ந்ததை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1980-இல் வெளியிட்டனர். அது ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, நன்கு கடைந்து, எண்ணெயில் தாளித்துக் கொடுங்கள். கீரையை வெயிலில் உலர்த்தினால் கரோட்டின் அழியும், நிழலில் உலர்த்துக.

பழத்திலுள்ள கரோட்டின் கீரையிலுள்ளதைவிட எளிதில் சேரும். பாத்திரம் கழுவும் நீர் பாய்ந்து, தேங்காமல் வடியும் இடத்தில் இரண்டு பப்பாளிக் கன்றுகளை நட்டு வையுங்கள்.