விண்மீன்களைப் படம்பிடித்தல்

மனிதக் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடியின் சிறு பகுதிக்குள் கிடைக்கும் ஒளியைக் கொண்டே அது காட்சியை அமைத்துக்கொள்கிறது. ஒளிப்படக்கருவியோ திறந்திருக்கும் நேரம் முழுவதும் தன்மீது விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இரவு வானத்தைப் படம்பிடிக்கும் கலை இவ்வேறுபாட்டின்மீதே நிற்கிறது. 1850-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா என்னும் விண்மீன் ஒளிப்படத் தகட்டில் பதிவாயிற்று. 1883-இல் ஆங்கிலேய வானியலாளர் ஆண்ட்ரூ காமன் ஓரியன் நெபுலாவை நெடுநேரம் பதிவு செய்தபோது, தொலைநோக்கி வழியே பார்த்தும் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் அப்படத்தில் இடம்பெற்றிருந்தன.

இக்கலையைத் தொடங்குவோர்க்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது தவறான எண்ணம். திறப்பு நேரத்தைக் கையால் அமைக்கக்கூடிய ஒளிப்படக்கருவியும் உறுதியான முக்காலியும் போதும். திறன்பேசிகள் பலவற்றிலும் இன்று இவ்வசதி உண்டு. வில்லையின் துளையை இயன்றவரை அகலத் திறந்து, ஐ.எஸ்.ஓ. அளவை 1600 எனவோ 3200 எனவோ வைத்துத் தொடங்கலாம். தானியங்கிக் குவியம் இருளில் தடுமாறும். ஆகவே, ஒளிமிக்க விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச்சிறு புள்ளியாகும்வரை கையாலேயே குவியத்தைச் சரிசெய்தல் வேண்டும். பலருடைய முதற்படம் மங்கிப்போவது இவ்விடத்தில்தான்.

திறப்பு நேரத்தை விருப்பம்போல் நீட்டிக்கலாமா எனில், இயலாது. புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அசையாது நிற்கும் கருவியில் விண்மீன்கள் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகப் பதியும். 500 என்னும் எண்ணை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் நொடிகளைத் தாண்டாதிருப்பது தொடக்கநிலையினர் கைக்கொள்ளும் எளிய கணக்கு. 20 மி.மீ. வில்லைக்கு 25 நொடி, 50 மி.மீ. வில்லைக்கு 10 நொடி. இது தோராயமே, சிறிய உணரி கொண்ட கருவிகளில் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

கோடு எப்போதும் பிழையன்று. விண்மீன்களைப் பின்தொடர்ந்து தொலைநோக்கி திரும்பும்போது விண்மீன்கள் புள்ளிகளாக நிற்கும். அவற்றினிடையே நகரும் சிறுகோள் மட்டும் இடம்பெயர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டு, கணிதமேதை இராமானுஜனின் பெயரைப் பெற்றது.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் தை, மாசி மாதத்து நிலவற்ற இரவுகள் பயிற்சிக்கு ஏற்றவை. அப்போது முன்னிரவிலேயே ஓரியன் உயர்ந்து நிற்கும். அதிலுள்ள திருவாதிரையின் செம்மையும் ரீகலின் நீலவெண்மையும் கண்ணுக்கு மெல்லியனவாகவே தோன்றும். படத்திலோ தெளிவாகப் பிரிந்து தெரியும்.

ஆனால், ஒளிப்படக்கருவி விண்மீனொளியை மட்டும் தேர்ந்து சேர்ப்பதில்லை. தொலைவிலுள்ள நகரத்தின் விளக்கொளியும் அடிவானத்தில் வெளிறிய மூட்டமாகப் பதிகிறது. ஊருக்கு ஒளி வேண்டும். எனினும், மேல்நோக்கிச் சிதறும் விளக்கொளி எவருக்கும் வழிகாட்டுவதில்லை. 2022-இல் லடாக்கின் ஹன்லே பகுதி இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது இக்கவலையால்தான். ஊர்ப்புறத்தில் ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, ஆண்டுதோறும் அதே மாதத்து நிலவற்ற இரவில், அதே நேரத்தில், அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துவரும் மாணவர், தம் ஊர் வானில் எத்தனை விண்மீன்கள் எஞ்சியுள்ளன என்பதைத் தாமே எண்ணிப் பார்க்கலாம்.