சொல்லவும் சொல்லாதிருக்கவும்: உளவளத்துணை பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

மனத்துயரோ குழப்பமோ உற்ற ஒருவர், அதற்கெனப் பயிற்சி பெற்ற இன்னொருவருடன் குறித்த நேரத்தில் தனித்திருந்து பேசி, தம் நிலையைத் தாமே விளங்கிக்கொள்ளவும், அடுத்து என்ன செய்வதென்று தாமே தெரிவு செய்யவும் துணைபெறுவதையே இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்று வழங்குகின்றனர். பேச்சையே முதன்மைக் கருவியாகக் கொண்டு, மனச்சோர்வு, கடும் பதற்றம் முதலிய நோய்நிலைகளுக்கு ஒழுங்கான முறைப்படி அளிக்கப்படுவது உளச்சிகிச்சை எனப்படும். நடைமுறையில் இரண்டுக்கும் இடையிலான எல்லை அவ்வளவு கூர்மையானதன்று. உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்காமை, வெளிநாட்டு வேலைக்குச் சென்ற தாயின் பிரிவு, வீட்டில் குடியால் மூளும் சண்டை, காரணம் தெரியாத நெஞ்சடைப்பு, தூக்கமின்மை ஆகிய எதைக் கொண்டும் ஒருவர் அங்கே போகலாம். ஊர் "பைத்தியம்" என்று பெயர் சூட்டும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அம்பாறை மாவட்டத்தில் கோமாரி முதல் கல்முனை வரையான கரையோரத்தில் உளவளத்துணை என்ற சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்குப் பின்னரே எனலாம். இலங்கையில் அன்று மாண்ட 30,000-க்கும் மேற்பட்டோரில் 10,000-க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. உணவும் கூடாரமும் மருந்தும் வந்த அதே வழியில் உளவளத்துணை அளிக்க விரும்பியோரும் உலகின் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தனர். அவர்களுள் தமிழ் அறியாதவர்களும், சில நாட்களே தங்கித் திரும்பியவர்களும் இருந்தனர். நல்லெண்ணத்தோடு வந்தவர்களே எனினும், நடந்ததை உடனே வாய்விட்டுச் சொன்னால்தான் மனம் ஆறும் என்ற நம்பிக்கை அவர்களுள் பலரிடம் உறுதியாக இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், தீயணைப்போர் போன்ற அவசரப் பணியாளர்கள் கொடிய நிகழ்வொன்றைக் கண்டபின், அதைப் படிப்படியாக நினைவுகூர்ந்து பேசச் செய்யும் முறையொன்றை 1983-இல் முன்வைத்தார்; அது பின்னர் விபத்துக்கும் பேரிடருக்கும் உள்ளான பொதுமக்கள்மீதும் பயன்படுத்தப்பட்டது. எனினும் பிரித்தானியாவில் தீக்காயமுற்ற 133 பேரிடம் ஜொனதன் பிஸ்ஸனும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாதங்களின் பின், இவ்வாறு பேச வைக்கப்பட்டோருள் 26 வீதத்தினரிடமும் பேச வைக்கப்படாதோருள் 9 வீதத்தினரிடமும் மனவடு நோய், அதாவது பழைய அதிர்ச்சி கனவாகவும் திடுக்கிடலாகவும் மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் நிலை, காணப்பட்டது. இதுபோன்ற சான்றுகளைக் கருத்திற்கொண்டே, உலக சுகாதார நிறுவனம் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, துயருற்றவரைப் பேசும்படி நெருக்கலாகாது என்றும், அவருக்குப் பாதுகாப்பும் உணவும் உறவினரின் சேதியும் கிடைக்கச் செய்து, அவராகப் பேசினால் பொறுமையுடன் செவிகொடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

சுனாமியின்போது பிறந்திராதவர்களுக்கும் இந்தப் பாடம் உரியதே. உளவளத்துணையாளரின் அறைக்குள் நுழைவதனால் ஒருவர் தம் உள்ளத்தில் கிடக்கும் அனைத்தையும் கொட்டிவிடக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பேசுபவருடையது. "இதைப் பற்றி இன்று பேச விருப்பமில்லை" என்று அவர் சொன்னால், நல்ல உளவளத்துணையாளர் அதைப் பிடிவாதம் என்று கொள்ளமாட்டார். சொல்லாதிருக்க முடியும் என்ற உறுதி கிடைத்த இடத்திலேதான் பலருக்குச் சொல்லவும் துணிவு பிறக்கின்றது.

முதற் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளாலேயே நிறையும். பெயர், வயது, வீட்டில் யார் யார், தூக்கம் எப்படி, பசி எப்படி, இந்தத் துன்பம் எப்போது தொடங்கியது, வந்ததன் நோக்கம் என்ன என்பன கேட்கப்படும், வந்தவரும் கேட்கலாம். உளவளத்துணையாளர் எங்கே பயின்றவர், எத்தனை முறை சந்திக்க வேண்டியிருக்கும், எழுதும் குறிப்புகளை யார் பார்ப்பார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஒரு சந்திப்பு ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளலாம். இடையில் மௌனம் வரலாம், அழுகை வரலாம், அவை இரண்டும் அங்கே வழக்கமானவை. "நீ இப்படிச் செய்" என்ற கட்டளையை எதிர்பார்த்துச் செல்பவர் தொடக்கத்தில் சற்று ஏமாறக்கூடும். ஏனெனில் அறிவுரை சொல்ல வீட்டிலும் தெருவிலும் போதியவர்கள் இருக்க, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பவர்தான் அரிதாக இருக்கிறார். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உண்மைத்தன்மை ஆகிய மூன்றும் கேட்பவரிடம் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1957-இல் எழுதினார். அதற்குப்பின் தோன்றிய பல முறைகளும் இவற்றைத் தம் அடித்தளமாக ஏற்றுள்ளன.

சிறிய ஊர்களில் பெரிதாக எழும் அச்சம் இரகசியம் பற்றியது. உளவளத்துணை உத்தியோகத்தர் பணியாற்றும் பிரதேச செயலகத்து வாசலில் யாரேனும் கண்டுவிட்டால், அல்லது அந்த உத்தியோகத்தரே தூரத்து உறவினராக இருந்துவிட்டால், கலியாணப் பேச்சுவரை அது போய்ச் சேராதா என்று ஒரு பெண்பிள்ளையும் அவளுடைய பெற்றோரும் தயங்குவது வீண் பயமன்று. அங்கே பேசப்படுவது வெளியே போகக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் நெறி. பேசுபவரின் உயிருக்கோ மற்றொருவரின் உயிருக்கோ ஆபத்து இருக்கும்போதும், சிறுவர் ஒருவர் துன்புறுத்தப்படுவது தெரியவரும்போதும், பெரும்பாலும் இவ்வாறான வேளைகளில் மட்டுமே, அது தளர்த்தப்படும், அப்போதும் இயன்றவரை பேசுபவரிடம் முன்கூட்டியே தெரிவிக்கப்படும். அறிமுகமானவரிடம் பேச மனம் ஒப்பாதவர் அயலூரொன்றின் சேவையை நாடலாம். அதற்குக் கொழும்புவரை போக வேண்டியதில்லை: முன்னர் கொழும்பை அண்டிய பெரிய வைத்தியசாலைகளிலேயே பெரிதும் குவிந்திருந்த மனநலச் சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதை நோக்காகக் கொண்ட தேசியக் கொள்கை 2005-இல், சுனாமிக்கு அடுத்த ஆண்டிலேயே, உருவானது. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இச்சேவைக்குக் கட்டணமும் இல்லை.

பேச்சினால் உண்மையில் குணம் வருமா என்பது நியாயமான வினா. இந்தியாவின் கோவாவில் விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடம் மேற்கொண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பட்டமில்லாத, ஆனால் முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் அளித்த துணை தெளிவான பயனைத் தந்தது. அங்கே செய்யப்பட்டது மிக எளியது: சோர்வினால் கைவிடப்பட்ட அன்றாடச் செயல்களை, சமைப்பதையோ நண்பரைக் காண்பதையோ, சிறுசிறு அளவில் மீண்டும் தொடங்கச் செய்து, அதனால் மனநிலை எவ்வாறு மாறுகிறது என்பதைச் சோர்வுற்றவரே கவனிக்கும்படி செய்தனர். ஆகவே உளவளத்துணையாளர் வீட்டில் செய்துவரச் சிறு வேலையொன்றைத் தந்தால் வியப்படைய வேண்டாம். இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களிலும் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுமை, நம்பிக்கையுடையோருக்கு ஒவ்வாதது என்று சிலர் கூறுவதுண்டு. ஆனால் 934-இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒன்றாக வைத்து எழுதிய அரபு நூலில், கோபம், அச்சம், துக்கம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாத துக்கத்தையும் வேறுபடுத்தி, பிறர் சொல்லும் இதமான சொல்லையும் மருந்தின் வரிசையில் வைத்தார். மட்டக்களப்பு மண்ணில், போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு, சபை நடுவே தம் துயரத்துக்குச் செவி கண்டதை மானிடவியலாளர் பெட்ரிசியா லோரன்ஸ் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். ஓதிப் பார்ப்பதையோ கோயிலில் நேர்ந்துகொள்வதையோ விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று எந்தப் பொறுப்புள்ள உளவளத்துணையாளரும் கேட்கமாட்டார்.

சில சந்திப்புகளின் பின் மனம் முன்னிலும் கனத்திருப்பது உண்டு. மூடிவைத்ததைத் திறக்கும்போது அது இயல்பே எனினும், அந்தக் கனம் வாரக்கணக்கில் குறையாவிடின் அதையே உளவளத்துணையாளரிடம் சொல்ல வேண்டும், பொருந்தவில்லையெனில் வேறொருவரிடம் மாறவும் வேண்டும். எப்போதும் சாவைப் பற்றிய எண்ணம், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டல், பல நாள் உண்ணாமை, உறங்காமை ஆகியவற்றுக்குப் பேச்சு மட்டும் போதாது. மனநல வைத்தியரைக் காண்பதும் மருந்து எடுப்பதும் அவசியமாகலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டப் பிரிவு இலங்கையில் 1998-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், பொலிஸுக்குப் பயந்து எவரும் வைத்தியசாலையைத் தவிர்க்க வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

கடைசியாக, துணைக்கு வருபவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமது கரையோரப் பகுதியில் இளம்பெண் ஒருவர் தனியே பஸ் ஏறி வைத்தியசாலைக்குப் போவது எளிதன்று. உம்மாவோ அம்மாவோ, மாமியோ கூட வருவார், வரவேண்டியும் இருக்கலாம். அவர் தொடக்கத்தில் சற்று நேரம் உடனிருந்து, பிறகு வெளியே காத்திருக்கும்படி உளவளத்துணையாளரே பணிவாகக் கேட்டு ஒழுங்கு செய்வார். திரும்பும் வழியில் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னாய்" என்று பாசத்தோடு வினவப்படும். அதற்கு விடை சொல்வதும் சொல்லாதிருப்பதும், அறைக்குள் இருந்ததைப் போலவே, உமது விருப்பம்.